இடப்பக்கத்துச் செயின்

கோவில்பட்டி ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் சைக்கிள் கடை வைத்திருந்த பிச்சை முகம்மதுவைப் பெயர் சொல்லிக் கேட்டால் யாருக்கும் தெரியாது. நொட்டாங்கை பாய் கடை எங்கே என்று கேட்க வேண்டும். கேட் திறக்கக் காத்திருக்கும் மாட்டு வண்டிக்காரன் உடனே கையை நீட்டிக் காட்டுவான். வேண்டுமென்றே இடது கையை நீட்டுவான். கூட ஒரு சிரிப்பும் இருக்கும்.

பாய்க்குப் பிறவியிலேயே இடது கைப் பழக்கம். சின்னப் பிள்ளையில் சாப்பாட்டு நேரம் வந்தால் உம்மா அந்தக் கையை இடுப்போடு சேர்த்துக் கட்டிவிடுவாள். பள்ளிவாசலில் ஓதிக்கொடுத்த லெப்பை அதே கைக்குப் பிரம்பால் பாடம் சொன்னார். இரண்டு பேரும் ஓய்ந்துபோன பிறகு ஒருவாறு உடன்பாடு ஏற்பட்டது. சாப்பிடுவது, கொடுப்பது, வாங்குவது எல்லாம் வலது கை. ஸ்பேனர் பிடிப்பது முதல் மற்ற வேலையெல்லாம் இடது கை. அப்படியும் ஞாபகப் பிசகு வரத்தானே செய்யும்? ஒரு நாள் காலையில் முதல் போணிக்கு வந்த பருத்தித் தரகருக்குக் காற்றடிக்கும் பம்பை இடது கையால் நீட்டிவிட்டார். தரகர் காற்றும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று, சப்பிப்போன டயரோடு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஸ்டேஷன் வரை நடந்தே போனார்.

கல்யாண வீடுகளில் பந்தி பரிமாற எல்லாரையும் இழுத்துப் போட்டு வேலை வாங்குவார்கள். இவரை மட்டும், "நீங்க உக்காந்து சாப்பிடுங்க பாய்" என்று உபசாரம் செய்து உட்கார வைத்துவிடுவார்கள். அந்த உபசாரம் எதற்கு என்று அவருக்கு நன்றாகவே தெரியும்.

ஊரில் இன்னொரு இடது கைக்காரனை அவர் பார்த்ததில்லை. இருந்திருப்பார்கள். அவர்களுடைய அம்மாமார் போட்ட முடிச்சு இன்னும் கொஞ்சம் இறுக்கமாக இருந்திருக்கும், அவ்வளவுதான்.

அப்படிப்பட்டவர் முப்பது வயதுக்கு மேல் முதன்முதலாகச் சினிமா பார்க்கப் போனார். வாப்பா இருந்தவரைக்கும் கொட்டகைப் பக்கம் தலைவைத்துப் படுக்கக் கூடாது என்பது வீட்டுச் சட்டம். வாப்பா மவுத்தான மறு வருஷம் பூவனலிங்கத்தின் டூரிங் டாக்கீஸ் ஊருக்கு வெளியே வந்து கூடாரம் அடித்தது. தெருத் தெருவாக நோட்டீஸ் கொடுத்துச் சுற்றும் டாக்கீஸ் சைக்கிளுக்குப் பாய் கடையில்தான் வைத்தியம். அந்தப் பழக்கத்தில் பூவனலிங்கம் ஒரு நாள், "டிக்கெட்டெல்லாம் எதுக்கு பாய், பின்பக்கமா வந்து உக்காருங்க" என்றார்.

பின்பக்கம் என்றால் திரைக்குப் பின்பக்கம். கூட்டம் தாங்காத நாட்களில் அங்கேயும் மணலைக் கொட்டி ஆட்களை உட்கார வைப்பது பூவனலிங்கத்தின் வழக்கம். மெல்லிய துணித்திரை என்பதால் படம் அந்தப் பக்கமும் தெரியும். என்ன, எல்லாம் இடம் வலமாக மாறித் தெரியும். எழுத்துக் கூட்டத் தெரிந்தவன் பெயர் போடும்போதே கண்டுபிடித்துவிடுவான். பாய்க்குத் தமிழ் எழுத்து தெரியாது. அவர் கற்றதெல்லாம் லெப்பையிடம் ஓதிய அரபு எழுத்துதான், அது வலமிருந்து இடமாகத்தான் போகும். ஆகவே திரையில் ஓடிய எழுத்துகளில் அவர் ஒரு கோளாறையும் காணவில்லை.

படத்துக்குக் கம்பெனிக்காரர்கள் வைத்த பெயர் எதுவோ, ஊரில் அதை அன்னச் சைக்கிள் படம் என்றுதான் சொன்னார்கள். கதாநாயகி ஒரு வெள்ளைச் சைக்கிளில் வருவாள். ஹேண்டில்பாருக்கு முன்னால் அன்னத்தின் கழுத்து வளைந்து எழும்பி நிற்கும். பின்சக்கரத்தின் இரண்டு பக்கமும் சிறகுகள். அவள் பெடலை மிதிக்க மிதிக்கச் சிறகு விரியும், மடங்கும், மறுபடி விரியும். தண்ணீர் தளும்பும் ஒரு குளக்கரையில் ஒரு பாட்டு முழுக்க அந்த அன்னம் போய்க்கொண்டே இருக்கும். வானம் பார்த்த பூமியின் ஜனங்கள் தண்ணீரையும் அன்னத்தையும் சேர்த்துப் பார்த்து வாயைப் பிளந்தார்கள்.

பிச்சை முகம்மதுவும் பிளந்தார். ஆனால் அவர் கண் அன்னத்தின் மேல் இல்லை. சைக்கிளின் செயின் இடது பக்கம் இருந்தது.

எத்தனையோ சைக்கிள்களைக் கழற்றி மாட்டிய மனிதர். சீமைச் சைக்கிள் ஆனாலும் நம்மூர்ச் சைக்கிள் ஆனாலும் செயின் வலது பக்கம்தான். சைக்கிளைக் கண்டுபிடித்தவன் வலது கைக்காரன், அதனால் உலகம் உள்ளவரை அது அப்படித்தான் என்று அவர் எப்போதோ மனதைத் தேற்றிக்கொண்டிருந்தார். இப்போது பார்த்தால், யாரோ ஒருத்தர் இடது பக்கம் செயின் வைத்துச் சைக்கிள் செய்திருக்கிறார். அது ஓடவும் ஓடுகிறது, சிறகடித்துக்கொண்டு ஓடுகிறது. பாய்க்கு உடம்பெல்லாம் புல்லரித்தது.

அது போதாதென்று, கதாநாயகன் இடது கையால் சோறு பிசைந்து சாப்பிட்டான். கதாநாயகி இடது கையால் தலை சீவினாள். வில்லன்கூட இடது கையால்தான் கத்தியை ஓங்கினான். யாரும் யாரையும் கண்டிக்கவில்லை. இருட்டில் பாயின் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. இப்படியும் ஓர் ஊர் இருக்கிறது, இத்தனை காலம் நமக்கு யாரும் சொல்லவில்லையே என்று நினைத்தார்.

வீட்டில் அவர் மனைவி தௌலத் பேகம் தீப்பெட்டி ஆபீசுக்குப் பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தாள். வந்ததும் வராததுமாக அவள் முன்னால் உட்கார்ந்தார்.

"சினிமாவுல இருக்க ஆளுவ எல்லாரும் நொட்டாங்கைதான், தௌலத்து. அந்தக் கையாலதான் அள்ளிச் சாப்பிடுதாவ. ஒருத்தரும் ஒண்ணும் சொல்லலை."

"அதுக்குத்தான் உங்க வாப்பா போகக் கூடாதுன்னு சொல்லியிருக்காவ" என்றாள் தௌலத் பேகம், பசைக் கையை எடுக்காமலே.

மறுநாள் கடையைத் திறக்காமல் பூவனலிங்கத்தைத் தேடிப் போனார். பூவனலிங்கம் கல்லாவைப் பார்ப்பாரே தவிர, படத்தைப் பார்க்கிற ஆள் இல்லை. செயின் எந்தப் பக்கம் இருந்தால் அவருக்கென்ன? ஆனால் அன்னச் சைக்கிள் ஒன்று கொட்டகை வாசலில் நின்றால் எவ்வளவு கூட்டம் சேரும் என்பது அவருக்குச் சட்டென்று பிடிபட்டது.

"அதே மாதிரி ஒண்ணு செஞ்சிருவீங்களா பாய்? நின்னா மட்டும் போதாது, ஓடணும், செறகடிக்கணும். கூலி என்ன வேணும்னு கேளுங்க."

"கூலி வேண்டாம் மொதலாளி. அந்தச் சைக்கிளச் செஞ்ச ஆளு யாருன்னு கேட்டுச் சொல்லுங்க. பேரும் ஊரும் தெரிஞ்சா போதும். ஒரு தடவ போயி அவியளப் பாத்துட்டு வந்துருவேன்."

"இம்புட்டுத்தானா? மெட்ராசுக்குப் படப்பெட்டி அனுப்பும்போது கம்பெனியில கேட்டு வைக்கேன்" என்றார் பூவனலிங்கம்.

பாய்க்கு வேறு யோசனையே இல்லாமல் போயிற்று. கூடாரம் ஊரில் இருந்தவரை தினமும் முதல் ஆட்டத்துக்குப் போய், அதே பின்பக்கத்து மணலில் உட்கார்ந்து, கண்ணாலேயே அளவெடுத்தார். கதை என்ன என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியாது. கல்யாண முருங்கைக் கட்டையைச் செதுக்கி அன்னத்தின் கழுத்தைச் செய்தார், தூக்கினால் கனமே தெரியாது. சிறகுக்குத்தான் திண்டாட்டம். துணியில் செய்தால் தொங்கியது, தகரத்தில் செய்தால் கடகடத்தது. தௌலத் பேகம் இரண்டு நாள் வேடிக்கை பார்த்துவிட்டு, தீப்பெட்டி மடிக்கும் மெல்லிய மரச்சீவலை எடுத்து இறகு இறகாகக் கத்தரித்தாள். ஒன்றின்மேல் ஒன்று ஏறினாற்போல மூங்கில் சட்டத்தில் ஒட்டி, வெள்ளை அடித்து வெயிலில் வைத்தாள். காற்று வந்ததும் சிறகு சிலிர்த்தது.

"அந்த மெட்ராஸ்காரரு வீட்டுலயும் பொம்பளதான் செஞ்சிருப்பா" என்றாள் அவள், அதைப் பார்த்துக்கொண்டே.

இதெல்லாம் மேல்வேலை. உயிர் செயினில் அல்லவா இருந்தது? இடது பக்கம் செயினை மாட்டுவது கழற்றி இந்தப் பக்கம் வைக்கிற காரியம் இல்லை. பின்சக்கரத்துப் பல்சக்கரமான ஃப்ரீவீலை அப்படியே இடது பக்கம் வைத்தால் முன்னால் மிதிக்கும்போது பிடிக்காது, சும்மா சுற்றும். பாய் அதை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி வைத்தார். இப்போது பிடித்தது. ஆனால் மிதிக்க மிதிக்க அதுவே மரையிலிருந்து கழன்று கையோடு வந்துவிட்டது. வலது பக்கத்துக்கென்று வெட்டிய மரை இடது பக்கத்தில் தன்னைத்தானே அவிழ்த்துக்கொண்டது.

எதிர்ப்பக்கம் முறுக்குகிற மரை வேண்டும். அதற்காக, நூல் மில்லில் லேத் ஓட்டும் சாமித்துரையிடம் போனார். சாமித்துரை இவருக்குச் சின்ன வயசுச் சேக்காளி. சமாச்சாரம் முழுவதையும் கேட்டவர், "இடப்பக்கம் செயினா? ஒமக்குக் கண்ணுல என்னமும் கோளாறா வே?" என்று கேட்டுவிட்டு, அன்றைக்கே போய் டிக்கெட் எடுத்துத் திரைக்கு முன்னால் உட்கார்ந்து படம் பார்த்தார்.

செயின் வலது பக்கம் இருந்தது. ஊரில் உள்ள எல்லாச் சைக்கிளையும் போலச் சாதாரணமாக இருந்தது. திரைக்குக் கீழே, பின்பக்கத்து மணலில் உட்கார்ந்திருந்தவர்களின் கால்கள் தெரிந்தன. சாமித்துரைக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

சொல்லிவிடத்தான் மறுநாள் கடைக்கு வந்தார். பாய் முந்திக்கொண்டார். "பாத்தீரா வே? அந்த ஆளு எப்படி யோசிச்சிருக்காவ பாத்தீரா? அவியளையும் சின்ன வயசுல கையக் கட்டித்தான் வச்சிருப்பாவ, இல்ல?" என்றார். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்வதற்குச் சாமித்துரைக்கு நா எழவில்லை. இன்னொன்றும் உண்டு. உலகத்தில் இல்லாத ஒரு சைக்கிளுக்கு மரை வெட்டும் ஆசை அதற்குள் அவரையும் பிடித்துக்கொண்டது. "ஹப்பையும் ஃப்ரீவீலையும் குடும், வெட்டிப் பாப்போம்" என்று மட்டும் சொன்னார்.

லேத்தில் முதலில் பின்சக்கரத்துக் குடமான ஹப், பிறகு ஃப்ரீவீல் சுழன்றது. இரும்புச் சுருள் இதுவரை விழாத பக்கமாக விழுந்தது. பாய் பக்கத்தில் நின்று மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். ஃப்ரீவீல் இடது பக்கமாகத் திருகிப் போய் இறுகி உட்கார்ந்தபோது, "அல்லா" என்றார் மெதுவாக. சாமித்துரையும் அதே நேரத்தில் "முருகா" என்றார்.

முதல் வெள்ளோட்டத்தில் பெடல் கழன்று சாக்கடையில் விழுந்தது. பாயும் கூடவே விழுந்தார். பெடலுக்கும் தனியாக மரை மாற்ற வேண்டும் என்பது எழுந்திருப்பதற்குள்ளேயே அவருக்கு விளங்கிவிட்டது. சட்டையெல்லாம் சகதியோடு சிரித்துக்கொண்டே எழுந்தார். ரயில்வே கேட்டில் நின்றவர்கள் நொட்டாங்கைக்கு மூளையும் கழன்றுவிட்டது என்று முடிவு கட்டினார்கள்.

எல்லாம் கூடி வந்தது மாசி மாதத்தில். கூடாரம் அதற்குள் ஊர் ஊராகப் போய், எப்போதும்வென்றான் என்கிற ஊரில் அதே படத்தைப் போட்டுக்கொண்டிருந்தது. அங்கே கொண்டுபோய்க் காட்டி, மெட்ராஸ்காரரின் பெயரைக் கேட்டு வருவது என்று ஏற்பாடு. சாமித்துரை தன் சைக்கிளில் துணைக்கு வந்தார். துணையா, பயமா என்று அவருக்கே தெரியவில்லை.

ஊரைத் தாண்டியதும் பாய் மிதிக்கத் தொடங்கினார். செயின் இடது காலடியில் சத்தமே இல்லாமல் ஓடியது. சிறகு விரிந்தது, மடங்கியது, விரிந்தது. மரச்சீவல் இறகுகளுக்குள் காற்று புகுந்து வெளியே வந்தது. இரண்டு பக்கமும் கரிசக்காட்டில் பருத்தி வெடித்துக் கிடந்தது. அதன் நடுவே வெள்ளை அன்னம் கழுத்தை நீட்டிக்கொண்டு போனது. பருத்தி எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் மடியோடு அப்படியே நிமிர்ந்து நின்றார்கள். ஒரு கிழவர் தலைத்துண்டை அவிழ்த்து அக்குளில் இடுக்கிக்கொண்டார், சாமி ஊர்வலம் வருவதாக நினைத்தாரோ என்னவோ. யாரும் கேலி பேசவில்லை. பின்னால் வந்த சாமித்துரை, இந்தச் செயினை இப்படி ஓட வைத்தது நம் கை வெட்டிய மரையும்தான் என்று நினைத்தபடி அதையே பார்த்துக்கொண்டு மிதித்தார். நாமே செய்ததைக் கண்டு நாமே மலைத்துப் போவது வாழ்க்கையில் ஒரு தடவை வாய்த்தால் பெரிது.

எப்போதும்வென்றானுக்குப் பொழுது சாயும் நேரத்தில் போய்ச் சேர்ந்தார்கள். பூவனலிங்கம் நாற்காலியை விட்டு எழுந்து ஓடி வந்தார். கொட்டகை வாசலில் கடலையும் சுக்குக் காப்பியும் விற்கிற வெயிலுகந்தம்மாள் கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு வந்து நின்றாள். பாய் சைக்கிளை ஸ்டாண்டில் போட்டு, குனிந்து கையால் பெடலைச் சுற்றினார். சிறகு அடித்தது. கூட்டம் ஓ என்றது.

"பேரு கேட்டீங்களா மொதலாளி?" என்றார் பாய்.

"மொதல்ல படத்தப் பாருங்க, பொறவு பேசுவோம்" என்றார் பூவனலிங்கம், எங்கேயோ பார்த்துக்கொண்டு.

"படம் என்னத்துக்கு வே? காட்டியாச்சில்லா, கெளம்புவோம்" என்று சாமித்துரை அவசரப்பட்டார். அப்போதுதான் வெயிலுகந்தம்மாள் வாயைத் திறந்தாள். நாள்தோறும் திரைக்கு முன்னால் கடலைக்கூடையோடு நடப்பவள் அவள்.

"எல்லாம் அச்சா அப்படியே இருக்கு அண்ணாச்சி. செயின் மட்டும் அங்கன இந்தப் பக்கமில்லா இருக்கும்?" என்று சைக்கிளின் வலது பக்கத்தைத் தொட்டுக் காட்டினாள்.

"இல்லம்மா, இடப்பக்கம்தான். எத்தன நாள் பாத்திருக்கேன்."

"நானும் தெனமும் பாக்குதேன்."

பாய் அன்றைக்கு முதன்முறையாகத் திரைக்கு முன்னால் போய் உட்கார்ந்தார். பாட்டு வந்தது. அன்னம் வந்தது. அவர் அறிந்த திசைக்கு எதிராகப் போனது. செயின் வலது பக்கம் இருந்தது. அவர் எழுந்து, குனிந்து, ஆட்களைத் தாண்டித் திரைக்குப் பின்னால் போனார். இடது பக்கம். திரும்ப முன்னால் வந்தார். வலது பக்கம். கதாநாயகன் வலது கையால் சோறு பிசைந்துகொண்டிருந்தான்.

வெளியே வந்தபோது பூவனலிங்கம் நின்றிருந்தார். "கம்பெனியில கேட்டேன் பாய். அது கடையில வாங்குன சாதா சைக்கிளாம். மேல அட்டைய ஒட்டிருக்காவ. செறக நூலக் கெட்டி ரெண்டு பேரு இழுத்தாவளாம். செஞ்சவன்னு தனியா ஒரு ஆளே இல்லையாம்" என்றார்.

"ஆளே இல்லையா?" என்றார் பாய்.

சாமித்துரை பக்கத்தில் வந்தார். "எனக்கு அன்னைக்கே தெரியும் வே. சொல்ல முடியல" என்றார். பாய் அவரைக் கோபித்துக்கொள்ளவில்லை. சாமித்துரைக்கு அது திட்டு வாங்குவதைவிட வலித்தது. பாய் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். எங்கேயோ ஓர் ஊரில், ஒரு பட்டறையில், தன்னைப் போலவே இடது கையில் ஸ்பேனர் பிடித்த ஒரு மனிதரோடு அவர் இத்தனை மாதமும் மனதுக்குள் பேசிக்கொண்டிருந்தார். இந்த இடத்தில் நீர் என்ன செய்தீர், இந்த மரைக்கு என்ன வழி கண்டீர் என்று கேட்டுக்கொண்டே ஒவ்வொன்றாக மாட்டியிருந்தார். அந்த மனிதர் இல்லாமல் போனது ஒரு சாவு மாதிரி இருந்தது.

அன்னச் சைக்கிளைச் சுற்றி ஆட்கள் கூடியிருந்தார்கள். படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே பாதிக் கொட்டகை எழுந்து வந்துவிட்டது. வெயிலுகந்தம்மாள் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பெடலைச் சுற்றிக்கொண்டிருந்தாள். அரிக்கேன் வெளிச்சத்தில் சிறகு விரிந்து மடங்கியது. சங்கிலி இடது பக்கத்தில் சுற்றிச் சுற்றி வந்தது. உள்ளே பாட்டுச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது, யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

அவள் நிமிர்ந்து பாயைப் பார்த்தாள். "அங்கன இருக்கது வெறும் அட்டையாமில்லா? இது நெசமாவே அடிக்குதே! இப்படி எல்லாத்தையும் மறுபக்கமா யோசிக்கதுக்கு எப்படிப்பட்ட ஆளா இருக்கணும்! இதச் செஞ்சது யாரு அண்ணாச்சி?"

அவர் எத்தனையோ மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்த கேள்வி. பாய் சிறகையே பார்த்தார். பிறகு சாமித்துரையைப் பார்த்தார். சொல்லும் என்பதுபோலச் சாமித்துரை தலையை ஆட்டினார்.

"நாந்தான்" என்றார் பாய். சொல்லும்போதே அவருக்குத் திகைப்பாக இருந்தது. அத்தனை நாளும் தேடிய ஆளைச் சந்தித்துவிட்டது போல இருந்தது.

வெயிலுகந்தம்மாள் எழுந்து போய் ஒரு கிளாஸ் சுக்குக் காப்பி ஆற்றிக்கொண்டு வந்து நீட்டினாள். பிச்சை முகம்மது இடது கையை நீட்டினார். அவள் அந்தக் கையில் கிளாஸைக் கொடுத்துவிட்டு, மறுபடியும் பெடலைச் சுற்றப் போனாள்.